ஃபேக்டரி கரண்டில் பாடிய அக்கா

“யாரு இது? யாரு பாடுறது?” என்று அத்தான் கேட்டார்.

நான் படையல் இலையில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். கரண்டி கையோடு நின்றுவிட்டது. அவர் கேட்ட கேள்வியால் அல்ல, அந்தக் குரலால். நோர்வூட்டில் அத்தான் வீட்டு முன்னறையில், ஒரு கொய்யாப்பழம் அளவுள்ள கறுப்பு ஸ்பீக்கரிலிருந்து, செத்துப்போன என் அக்கா மரகதம் பாடிக்கொண்டிருந்தாள்.

“அம்மாதாங்கப்பா,” என்றான் குமார். அக்காவின் ஒரே மகன். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. முகமெல்லாம் பூரிப்பு. “ரெக்கார்ட கொழும்புக்கு கொண்டுபோய் டிஜிட்டல் பண்ணிட்டேன். கீறல், இரைச்சல் எல்லாத்தையும் எடுத்தாச்சு. எவ்ளோ கிளியரா இருக்கு பாருங்க!”

அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். தேநீரை வாயில் உறிஞ்சிக் குதப்பித் துப்பித் தரம் சொன்ன மனிதர். எதையும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

“இது மரகதம் இல்ல.”

பிறகு எழுந்து, சாப்பிடாமலே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அக்காவின் திதி வரும் நாளில், படையலுக்கு முன்னால், அத்தான் தன் அறைக்குள் தனியாகப் போவார். கதவைச் சாத்துவார். அக்கா பாடிய அந்தச் சின்ன இசைத்தட்டை ஒரே ஒரு தடவை போட்டுக் கேட்பார். முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார். அதற்குப் பிறகுதான் இலை போட வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள். மற்ற நாட்களில் தட்டும், அதைச் சுற்றும் ரெக்கார்ட் பிளேயர் பெட்டியும் துணி மூடிக் கிடக்கும்.

நாங்கள் முன்னறையில் நிற்போம். தகரக் கூரை. அந்த மாதத்தில் மழை இல்லாத திதியை நான் பார்த்ததில்லை. ஆகவே கதவுக்கு வெளியே எங்களுக்குக் கேட்பதெல்லாம் மழையும், மழைக்குள் ஏதோ ஒரு முனகலும்தான். குமார் அரைக் காற்சட்டை போட்ட காலத்திலிருந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே வளர்ந்தான்.

இந்த வருடம் அவர் அறைக்குள் போகாமலே இலை போட்டாயிற்று, ஏனென்றால் பெட்டி சுற்ற மறுத்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது குமார் அதைக் கவனித்து, அப்பாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாமென்று தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கொடுத்த ஆச்சரியம் இதுதான்.

அடுப்படியில் அவன் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“பாத்தீங்களா சித்தி? அம்மா குரலே மறந்துபோச்சு. போன மாசம் கேத்தல அடுப்புல வச்சிட்டு மறந்துட்டாரு. என்கிட்ட கேட்டதையே மறுபடி கேக்குறாரு. தனியா விட ஏலாது. அடுத்த ஞாயித்துக்கிழம வேன் கொண்டாறேன். எங்க பிளட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவோம். நல்ல டொக்டர்ட்ட காட்டலாம். இந்த வீட்ட வித்துரலாம்.”

“மாடியில எத்தனாவது?”

“ஒம்பதாவது. லிஃப்ட் இருக்கு சித்தி.”

அத்தான் தினமும் காலையில் வாசலில் நின்று காற்றை மோந்து, இன்றைக்குக் கொழுந்து எப்படி வரும் என்று சொல்கிறவர். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அது நிற்கவில்லை. ஒன்பதாவது மாடியில் எதை மோப்பார்?

ஆனாலும் நான் தலையாட்டினேன். பின்னே? என் காதாலேயே கேட்டேனே, அது அக்காதான். பெண்சாதியின் குரலை அடையாளம் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? என் மனம் அப்போதே கிளினிக், கிராம சேவகர், ஓய்வூதிய விலாசம் மாற்றம் என்று வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவளுக்குத் துக்கம்கூட நடைமுறையாகத்தான் வரும்.

வெற்றிலை வாடிய பாட்டு

அக்கா எப்படி இசைத்தட்டில் பாடினாள் என்று இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் முன்பே கேட்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கொழும்பில் சின்னச் சின்ன ஆட்கள் தட்டுப் போட்டார்கள். தோட்டத்துப் பாட்டுப் பாட ஒரு பெண் வேண்டுமென்று யாரோ சொல்ல, பள்ளிக்கூட விழாக்களில் பாடிக்கொண்டிருந்த அக்காவை அப்பா ரயிலில் கூட்டிப் போனார். ஒரு காலைப் பொழுதில் பாடி முடித்து, மாலை ரயிலில் திரும்பிவிட்டாள். தட்டில் இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் அவள். மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் கிளாரினட்.

பாட்டு ஒரு கேலிப் பாட்டு. வெற்றிலை வாடிவிட்டது, விருந்து ஆறிவிட்டது, மாப்பிள்ளையை இன்னும் காணோம் என்று பெண் வீட்டுக்காரிகள் நக்கலடிப்பது. அக்காவின் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். அவள் பேசுவதே கல்லில் தண்ணீர் விழுகிற வேகம். என் தலையை வாருவாள், திட்டுவாள், பாடுவாள், எல்லாம் ஒரே மூச்சில். “ஏய் லீலா, நீ பள்ளிக்கூடம் போறியா, இல்ல பள்ளிக்கூடம் ஒன்னப் பாக்க வரணுமா?” என்பாள்.

தட்டு வந்து சில மாதங்களில் கல்யாணம். அத்தான் எங்கள் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர், தேயிலை ஃபேக்டரிக்குப் பொறுப்பானவர். நான் பள்ளிக்கூட விடுதிக்குப் போய்விட்டேன். குமார் பிறந்து அவன் நடை பழகும் முன்பே அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதிலும் அவசரம்.

மேகத்தில் இருக்கிறதாம்

இப்போது டிஜிட்டலைப் பற்றி நான் கொஞ்சம் புலம்பப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த தலைப்புக்குத் தாவலாம்.

அந்தப் பாட்டை எனக்கும் அனுப்பு என்று குமாரிடம் கேட்டேன். அனுப்பினான். திறந்தால் கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் கொடுத்தால் நான் மனிதப் பிறவிதானா என்று நிரூபிக்கச் சொன்னது. அரசாங்கத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை, மனதுக்குள் நினைத்திருக்கலாம். போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொட்டுக் காட்டச் சொன்னது. நோர்வூட்டில் ஏது போக்குவரத்து விளக்கு? மனிதப் பிறவி இல்லையென்று முடிவாகிவிட்டது.

“எங்கதான்டா வச்சிருக்க அத?” என்று கேட்டேன்.

“கிளவுட்ல சித்தி. எங்க இருந்தாலும், எப்ப வேணும்னாலும் கேக்கலாம்.”

மேகத்தில். நான் குடியிருப்பது நுவரெலியாவில். மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். கொடியில் போட்ட துணியை ஈரமாக்கியதைத் தவிர, அது எனக்கு எதையும் பத்திரமாக வைத்துத் திருப்பித் தந்ததாக ஞாபகம் இல்லை.

எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான் என் எரிச்சலே. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று வைத்த கோப்பு எந்த அலுவலகத்திலாவது முடிந்ததுண்டா? தட்டு என்றால் எழுந்து போக வேண்டும். உறையிலிருந்து ஓரத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். துடைக்க வேண்டும். முள்ளை மெல்ல வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தவன் உட்கார்ந்து கேட்பான். போனில் கேட்கிறவன் ஒரு பாட்டைப் பாதியில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறான், பந்தியில் பிடிக்காத கறியை ஒதுக்குவதுபோல.

இதைச் சொன்னவுடன் தட்டுக்காரர்கள் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இன்னும் மோசம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பழைய ரெக்கார்ட் பிளேயரை மேசையில் வைத்து, பக்கத்தில் ரோசாப்பூவும் வைத்திருக்கிறார்கள். தட்டு சுற்றுகிறது. பாட்டும் வருகிறது. “அந்தக் காலத்து சவுண்டே தனிதான்” என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். முள் தட்டில் படவே இல்லை. சத்தம் வந்தது மேசைக்கு அடியில் இருந்த ஸ்பீக்கரில், வெயிட்டரின் போனிலிருந்து. நான் அதைச் சொன்னேன். இருவருக்குமே என்னைப் பிடிக்கவில்லை.

ஹட்டனில் ஒரு பெல்ட்

விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியைப் பழுது பார்த்து, அதே தட்டை அத்தானின் சொந்தப் பெட்டியிலேயே போட்டுக் காட்டினால், போனில் கேட்டதும் இதுவும் ஒரே குரல்தான் என்று ஒப்புக்கொள்வார். தன் மறதியை உணர்ந்து, அடம் பிடிக்காமல் குமாரோடு போவார். ஆதாரம் காட்டினால் மனிதர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று, கச்சேரியில் அத்தனை வருடம் இருந்தும் நான் நம்பினேன் பாருங்கள்.

பெட்டியைப் போர்வையில் கட்டி, குமார் திரும்பக் கொண்டுவந்திருந்த தட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். நிசாம் நானாவின் கடை பஸ் நிலையத்துக்கு மேலேயுள்ள சந்தில். முன்பு ரேடியோ திருத்தும் கடை. இப்போது மகன் போன் கவர் விற்கிறான். நானாவுக்கு மூலையில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் மிச்சம்.

போர்வையை அவிழ்த்ததும் நானா கத்தினார்: “அட, டீமேக்கர் ஐயாட மெஷின்! ஐயா ஹயாத்தோட இருக்காரா மிஸ்?”

“உசிரோடதான் இருக்காரு நானா. மெஷின்தான் ஓடல.”

“பெல்ட் உருகிப் போயிட்டு. கெசட் மெஷின்ட பெல்ட் ஒண்டு கெடக்கு. போட்டுத் தாறேன்.”

போட்டார். தட்டைக் கொடுத்தேன். முள் இறங்கியது. கரகரவென்று சத்தம், பிறகு மத்தளம், பிறகு குரல்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

யாரோ ஒரு பெண் பாடினாள். அதே சொற்கள், அதே மெட்டு. ஆனால் நிதானமாக, கொஞ்சம் கனத்த குரலில். நக்கல் போய்விட்டிருந்தது. வெற்றிலை வாடிவிட்டது, விருந்து ஆறிவிட்டது, இன்னும் வரவில்லையே என்று சன்னலோரம் நின்று ஒருத்தி காத்திருப்பதுபோல் இருந்தது. அழகான பாட்டுத்தான். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“நானா, இது எங்க அக்கா இல்ல,” என்றேன். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையைப் போன வாரம் கேட்டேனே என்று உறைத்தது. “மெஷின் மெதுவா ஓடுது. பெல்ட் பிழை.”

நானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. “பெல்ட்டுல பிழை இல்ல மிஸ். மெதுவாத்தான் ஓடும். மெதுவாக்கினதே நான்தானே!”

“நீங்களா? எதுக்கு?”

“எதுக்கோ! தோட்டத்துக்கு மெயின் கரண்ட் வந்த புதுசுல ஐயா இதத் தூக்கிட்டு வந்தாரு. மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சிட்டு, என் பொஞ்சாதி எலிக்குஞ்சு மாதிரிக் கத்துறா, சரியாக்கித் தா எண்டு ஒரே சண்டை. இப்ப ஓடுறதுதான் சரி, முந்தி ஓடினதுதான் பிழை எண்டு எவ்வளவு சொன்னேன். கேக்கணுமே! மோட்டர்ல இருக்கிற பித்தளைக் கப்பிய அராவுறது, ஓட விடுறது, அவர் இல்லெங்கிறது, மறுபடி அராவுறது. பொழுதுபட்டுத்தான் ‘போதும், இதுதான்’ எண்டாரு. நல்ல மெஷின நான் கெடுத்துக் குடுத்தது அது ஒண்டுதான் மிஸ்.”

அப்போது எல்லாம் விளங்கியது. அந்தத் தோட்டத்தில் மெயின் கரண்ட் வருவதற்கு முன், ஃபேக்டரியின் தண்ணீர் டர்பைன்தான் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் வெளிச்சம் கொடுத்தது. உள்ளே கொழுந்து உருட்டும் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் டர்பைன் திணறும். வீட்டு விளக்குகள் மஞ்சளாகிவிடும். சுற்றுகிற மோட்டர்கள் சுணங்கும். ரெக்கார்ட் பிளேயரும் சுணங்கும். அத்தான் கேட்டது அந்த அக்காவைத்தான்.

மனிதருக்கு மறதியே இல்லை. அரத்தின் கடைசி உரசல்வரை ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் இத்தனை வருடம் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டது, திணறிய டர்பைன் செய்து கொடுத்த வேறொருத்தியை. இதைச் சொல்லி, அவருக்கு மறதி இல்லையென்று குமாருக்குக் காட்டினால்தான் அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். சொன்னால், அக்காவை ஒரு தடவை இழந்தவர் இன்னொரு தடவை இழப்பார்.

‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டே என் உத்தியோக காலம் கழிந்தது. மூலத்தைப் பார்ப்பேன், பிரதியைப் பார்ப்பேன், குத்துவேன். அன்று போர்வை மூட்டையோடு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தபோது, இந்த இரண்டில் எது மூலம் என்று எனக்கே தெரியவில்லை. பஸ்காரன் வேறு காது கிழியப் பாட்டுப் போட்டிருந்தான். அவனைத் திட்டித் தீர்த்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

வேன் வாசலில் நின்றது. அத்தானின் சூட்கேஸை குமார் ஏற்கெனவே பின் சீட்டில் வைத்துவிட்டான். அத்தான் மழைக்கோட்டோடு கதிரையில் இருந்தார், வழக்குத் தோற்ற ஆளைப்போல.

நான் பெட்டியை மேசையில் வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். கப்பி, டர்பைன், எல்லாவற்றையும். சுற்றி வளைக்கும் கலை எனக்குக் கைவந்ததில்லை.

குமார் நெற்றியைச் சுருக்கினான். “அப்ப அப்பா நெனச்சிட்டு இருந்ததுதானே பிழை சித்தி?”

“பிழையா கேட்டிருக்காருடா. மறக்கல. ரெண்டும் ஒண்ணா? ஒங்கப்பாவுக்கு இருக்கிற ஞாபகம் ஒன் மேகத்துக்குக்கூட இல்ல.”

அத்தான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு மட்டமான தேநீரைக் கொடுத்துவிட்டதுபோல் ஒரு பார்வை.

“பிழையா கேட்டேன்னு யாரு சொன்னா? கரண்ட் மெதுவா வர்றது எனக்குத் தெரியாதா லீலா? அந்த பெக்டரிக்கு நான்தான டீமேக்கர்.”

அவர் மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றியபடி சொன்னார்:

“கல்யாணமான புதுசுல குவாட்டஸ்ல இதப் போட்டோம். இழுத்து இழுத்துப் பாடுது. ஒங்கக்காவுக்குச் சிரிப்பு தாங்கல. ‘யாருங்க இவ, காய்ச்சல்காரி மாதிரி இழுக்குறா’ன்னா. நான் நிப்பாட்டப் போனா விடல. கூடவே பாட ஆரம்பிச்சிட்டா. தட்டு எவ்ளோ மெதுவோ, அவளும் அவ்ளோ மெது. மொதல்ல பழிப்புக் காட்டுனா. பொறகு அதுவே பழகிப்போச்சு. குமாரு பொறந்த பொறகு இவனத் தூங்க வச்சதும் அதே இழுவதான். எனக்குப் பாடுன மரகதம் அவதான். கொழும்புல ஒரு நாள் காலையில அவசரமா பாடிட்டு வந்த பிள்ளைய எனக்குத் தெரியாது. அப்ப எனக்குக் கல்யாணமே ஆகல.”

குமார் சுவரில் சாய்ந்துகொண்டான். “என்னத் தூங்க வச்சாங்களா? நீங்க சொன்னதேயில்லையேப்பா.”

“நீங்க கேட்டீங்களா? கதவுக்கு அந்தப் பக்கம்தான நின்னீங்க எல்லாரும்.”

“கதவ சாத்துனது யாரு?” என்றேன் நான்.

எனக்கு ஏனோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. என் அக்கா என்னிடம் எதையும் மெதுவாகச் சொன்னதில்லை. அவளுக்கு மெதுவாகப் பாடத் தெரியும் என்பதே நான் விடுதியில் இருந்த காலத்தில் நடந்திருக்கிறது.

குமார் போனை எடுத்து எதையோ துழாவினான். “ஸ்பீட கொறைக்கலாம்ப்பா. இதுல செட்டிங் இருக்கு. நீங்க கேட்ட மாதிரியே வரும்.”

“வேணாம்,” என்றார் அத்தான். எழுந்து பெட்டியின் மூடியைத் திறந்தார். தட்டை ஓரத்தில் பிடித்து, சட்டை நுனியால் துடைத்தார். “ஒன் ஆளு அப்படியே பாடட்டும். ஒன் சித்திக்கு அவளத்தான் தெரியும். நான் கைய காட்டுறப்ப நீ அமுக்கு.”

முள்ளை இறக்கினார். கரகரப்பு. மத்தளம் தொடங்கிய கணத்தில் கையைக் காட்டினார்.

கேட்கச் சகிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சுருதி வேறு, வேகம் வேறு, இரண்டு மத்தளமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. முதல் வரியை இருவரும் சேர்ந்து தொடங்கினார்கள். இரண்டாவது வரியிலேயே என் அக்கா முன்னால் போய்விட்டாள். வெற்றிலை வாடியதை இவள் சொல்லி முடித்து விருந்துக்குப் போக, பெட்டியில் பாடியவள் அப்போதுதான் வெற்றிலையைக் கையில் எடுத்தாள். அத்தான் கண்ணை மூடவில்லை. போனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயம் பார்க்கிற ஆளைப்போல.

போனில் பாட்டு முடிந்தது. முடிந்ததும் முடியாததுமாக அந்தச் சனியன், கேட்காமலே, யாரோ ஒருவனைப் பாட வைத்தது. நான் பாய்ந்து பிடித்து எதையோ அமுக்க, அவன் இன்னும் சத்தமாகப் பாடினான். குமார் பிடுங்கி நிறுத்தினான்.

பிறகு மெதுவானவள் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். பாதி வரியில் இருந்தாள். இன்னும் அவளுக்குக் கடைசி அடிகள் மிச்சம்.

“அவ எப்பவும் இப்படித்தான்,” என்றார் அத்தான். “முந்திக்குவா.”

வாசலில் வேன்காரர் ஹோன் அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தார். பாட்டு முடிந்து, முள் வெறும் தட்டில் சரசரக்கத் தொடங்கிய பிறகுதான் குமார் வெளியே போனான். சூட்கேஸோடு திரும்பி வந்தான்.

“எங்கப்பா வைக்க?”

“உள்ளுக்கு வை,” என்றார் அத்தான். “கதவு தொறந்துதான் கெடக்கு.”